எங்கையும் கொண்டு போகலாம்

கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி
கண்ணாடிக் கதவு வைத்த கடை.
செருப்பைக் கழற்றுவதா என்று யோசித்து
கழற்றாமலே உள்ளே போனேன்.
கையில் சீட்டுக்காசு,
கழிவு போக எண்பத்தாறாயிரம்.

பால் சங்கத்துக் கணக்குக்கு
இதுவரை இருந்தது ஒற்றை றூள் கொப்பி.
போன மார்கழியில் மழையும் ஒருமுறை
அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனது.

பொடியனின் பெயர் டிலக்சன்.
முதலில் காட்டியது வெள்ளி நிறம்,
கடித்த அப்பிள் போட்டது.
வைரஸ் அண்டாதாம், பத்து வருசம் உழைக்குமாம்.
தொட்டேன். காய்ச்சல் விட்ட
பிள்ளையின் நெற்றி மாதிரிக் குளிர்ந்தது.
நான் கேட்டது ஒன்றுதான்:
பாமினியில் அடித்த கடிதம் இதில் திறக்குமா?

என் பென்டிரைவைக் குத்தினான்.
உதவி ஆணையாளருக்கு நான் எழுதிய
மாட்டுக்கொட்டில் விண்ணப்பம்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்
திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது.
"எழுத்துப் போட்டுத் தரலாம் அக்கா."
விலையையும் சொன்னான்.
நான் போடச் சொல்லவில்லை.

அடுத்தது கறுப்பு லப்டொப்.
பற்றரி எட்டு மணித்தியாலம் நிற்கும்.
விசுவமடுவில் கறண்ட் போகிற போக்கு
இவனுக்குச் சொல்லத் தேவையில்லை,
தகப்பன் றெட்பானாக்காரன்.
"பையுக்குள்ள போட்டா ஒன்றரைக் கிலோ,
எங்கையும் கொண்டு போகலாம் அக்கா."

எங்கையும்.

தையல் மெசினின் தலை மட்டும் பதினொரு கிலோ.
காலைக் கழற்றி வளவில் விட்டுவிட்டு
தலையைச் சைக்கிள் கரியரில் கட்டி
உடையார்கட்டு வரை உருட்டினேன்.
பிறகு சைக்கிள் போனது.
பிறகு இடுப்பில் பிள்ளையா, தலையா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
வடலிக்குள் வைத்து மேலே ஓலை போட்டேன்,
பின்னேரம் வந்து எடுக்கப் போகிறவள் மாதிரி.

இவனுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும்.
இவனையும் யாரோ தூக்கித்தான் இருப்பார்கள்.
அதெல்லாம் கடையில் கேட்கிற கேள்வி இல்லை.

"பாரமா ஏதும் இருக்கா தம்பி?" என்றேன்.

சிரித்துவிட்டு மூலையைக் காட்டினான்.
கொழும்பில் ஏதோ வங்கி கழித்துவிட்ட டெஸ்க்டொப்,
முதுகில் சொத்து இலக்கம் இன்னும் உரியவில்லை.
மொனிட்டரோடு நாற்பத்தெட்டு.
மூடியைத் திறக்கச் சொன்னேன்.
உள்ளே பல்லி முட்டைக் கோது இரண்டு.
அதற்காக ஆயிரம் குறைத்தான்.
றாம் கூட்டலாம், ஹாட்டிஸ்க் மாற்றலாம்,
எலி கடித்தால் கடித்த வயரை மட்டும் மாற்றலாம்.
தூக்கிக்கொண்டு ஓடத்தான் ஏலாது.

இவரிடம் போனில் நான் சொன்ன காரணம்
விலை.

மடிக்கணினி வேண்டாம் என்றவளின் மடியில்
பரந்தன் தொட்டு தருமபுரம் தாண்டும்வரை
பெட்சீற் சுற்றிய மொனிட்டர்.
ஓட்டோக்காரர் ஒவ்வொரு கிடங்குக்கும்
திரும்பி அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுத்திட்டச் சுவரில் துளை போட்டு
வயரை இழுத்து, ஆணி அடித்து, விரலிலும் ஒரு அடி வாங்கி
இவர் முடிக்க இரவு எட்டு.
முதல் வரி: தயாபரி, ஆறரை லீற்றர்.
இரண்டாவது: குலநாயகி, நாலு.
மூன்றாவது வரியில் கறண்ட் போனது.

யூபிஎஸ் கன்றைப் பிரிந்த மாடாய்க் கத்தியது.
அதற்கு உயிர் நாலு நிமிசம்.
எட்டு மணித்தியாலம் என்ற பொடியனின் குரல்
காதுக்குள் வர, வயிறு எரிந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.

சேமித்தேன்.
அணைக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தேன்.
அன்று இடுப்பில் இருந்தவள்,
இந்த வருசம் ஏஎல் எடுக்கிறவள்,
அந்த நீல வெளிச்சத்தில்
திரளி மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.
"இன்னும் ரெண்டு வாய் அம்மா,
நிப்பாட்டாதீங்கோ."